இரைச்சல்

காலுறை என்றுதான் சொல்கிறார்கள்.
கால் இல்லாத இடத்துக்கு மாட்டுவதற்கும்
அதே பெயர்தான் போலிருக்கிறது.

சாம்பல் நிறம். தொட்டால் பனியன் துணி.
ஊடே மினுங்கும் இழையைக் காட்டி
சரிகையா என்றேன்.
பெய் ஷான் சிரிக்கவில்லை.
"மின்சாரம் ஓடும் நூல், ஆன்ட்டி."

பதினாறு இடங்களில் அது என்னைத் தொட்டுப் பார்க்கும்.
முழங்காலுக்குக் கீழே ஒரு சாண்,
அவ்வளவுதான் மிச்சம்.
மற்றதைச் சர்க்கரை தவணை முறையில் வாங்கிக்கொண்டது:
முதலில் சுண்டுவிரல்,
அப்புறம் பாதம்,
அப்புறம், "மன்னிக்கணும் மேடம்,
இன்னும் கொஞ்சம் மேலே."

கென்ட் ரிட்ஜில் மூன்றாம் மாடி.
ஏர்கான் குளிரில்
ஓடும் பட்டையின் மேல் நான் நடந்தால்
திரையில் எண்களும் ஒழுங்காக நடக்கின்றன.
வெளியே வந்தால் வியர்வை.
உறைக்குள் உப்புநீர் ஊறி
மூன்றாம் முனையும் நான்காம் முனையும்
ஒன்றின் கதையை ஒன்று உளறும்.

அதனால் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள்.
இரண்டு வாரம்.
இடுப்பில் தீப்பெட்டி அளவு ஒரு பெட்டி,
கையில் ஒரு நோட்டு.
எப்போது நடந்தேன், எப்போது உட்கார்ந்தேன்,
எப்போது வலித்தது.

ஏழு மணி: ஈரச்சந்தை. மீன் விலை கேட்டேன், வாங்கவில்லை.
பத்து: உட்கார்ந்தேன்.
பதினொன்று: உட்கார்ந்தே இருந்தேன்.
ஐந்து இருபது: பேருந்து. உட்கார்ந்து.

பெய் ஷான் திரையைத் திருப்பினாள்.
"உட்கார்ந்து என்று எழுதியிருக்கிறீர்கள்.
ஆனால் கெண்டைச்சதை எகிறுகிறது, பாருங்கள்.
ஒன்பது முறை. மறுநாளும் ஒன்பது.
வெறும் இரைச்சல்தான், ஆன்ட்டி கோதை.
வியர்வையாக இருக்கும். வடிகட்டிவிடலாம்."

கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

நீளமாகப் படுத்திருக்கும் அந்த மேடு
எனக்குத் தெரிந்த மேடு.
கிளமென்டி சாலை இறக்கம்.
பக்கத்தில் சின்னதாக ஒன்று: பள்ளிக்கூட வாசல்,
போனைப் பார்த்தபடியே குறுக்கே வருவார்கள்.
இரட்டையாக எழும்புவது நிறுத்தம்.
மெல்லப் பிடித்து, விட்டு, இன்னும் மெல்லப் பிடிக்கணும்,
நிற்பவர் கையில்
பையில் கட்டிய கோப்பி தளும்பக் கூடாது.

பதினோரு வருடம் நான் ஓட்டிய தடம்.
இப்போது கட்டணம் தட்டிவிட்டு ஏறி
ஓட்டுநருக்குப் பின்னால்
முன்னுரிமை இருக்கையில் உட்காருகிறேன்.
பொய் எழுதவில்லை, பெண்ணே,
உட்கார்ந்துதான் இருந்தேன்.
கால் மட்டும் வேலைக்குப் போயிருக்கிறது.

அவள் ஒன்றும் சொல்லாமல்
இன்னொரு கோட்டை மேலே இழுத்துப் போட்டாள்.
பெட்டிக்குள் குலுக்கலைப் பதிவதும் ஒன்று இருக்கிறதாம்.
ஒவ்வொரு மேட்டிலும்
முதலில் நான்.
அரை நொடி கழித்துத்தான் பேருந்து.

(அந்தப் பையன் பிரேக்கைத் தாமதமாகத்தான் பிடிக்கிறான்.
முதல் நாளே எனக்குத் தெரியும்.)

"அப்படியென்றால் ஐந்தாவது?
இங்கே நீங்கள் அழுத்தியிருக்கிறீர்கள்.
பேருந்து வேகம் குறையவே இல்லையே?"

ஐந்தாவதை நான் கவனிக்கவில்லை.
பாலம் தாண்டி, பெட்ரோல் நிலையத்துக்கு முன்னால்...
இரு, இரு.

அங்கே ஒரு சிக்னல் இருந்தது.
சாலையை அகலப்படுத்தும்போது எடுத்துவிட்டார்கள்.

பெய் ஷான் வெகுநேரம்
சுட்டியைத் தொடாமல் இருந்தாள்.
பிறகு அந்தக் கட்டத்தில்
என்னவோ தட்டச்சினாள்; சீனம், எனக்குப் படிக்கத் தெரியாது.
நாற்பது வெள்ளிக்குப் பேரங்காடிப் பற்றுச்சீட்டு கொடுத்தாள்.
காலுறையைத் துவைக்க வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது
சதையை எண்ணுவதற்கு ஆள் இல்லை.
அதே பையன்தான். காதில் புதிதாக ஒரு கடுக்கன்.
மழை அப்போதுதான் விட்டு, தார் பளபளத்தது.
இறக்கத்தில்
நானும் அவனும் ஒரே நேரத்தில் பிடித்தோம்
என்று நினைக்கிறேன்.
கோப்பி யாருக்கும் தளும்பவில்லை.